போக ஆறு, வரப் பதினாறு

1

என் அப்பா இருபத்தொரு வருடங்களாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு கணக்கை நான் ஒரே பின்னேரத்தில் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். லண்டனுக்குத் திரும்பி மூன்று கிழமையாகிறது. இரவில் இன்னும் முழித்துக்கொண்டுதான் கிடக்கிறேன். மனைவியிடம் சொன்னால், "நீங்கள் உள்ளதைத்தானே சொன்னனீங்கள், அதுக்கு ஏன் முழிச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கதையை முடித்துவிடுகிறாள். அதனால்தான் அங்கே நாட்டில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு விளங்கும்.

என் ஊர் ஓலைத்தொடுவாய். பாதை தெரியாதவர்களுக்கு, மன்னார்த் தீவு என்று சொன்னால் போதும். அப்பா கடல் தொழில் செய்தவர். நான் லண்டனின் மேற்குப் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறேன். வீடும் அங்கேதான். விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு எங்கள் கூரைக்கு மேலால் இறங்கும். மகள் அனிட்டா குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்கு வீரிட்டு அழுவாள். இப்போது விமானம் வராத நாளில்தான் வீட்டில் எல்லோரும் என்னவோ குறைகிறது என்று நிமிர்ந்து பார்க்கிறோம்.

இரவு ஒன்பதளவில் கொழும்புக்கு ஒரு விமானம் புறப்படும். பின்னேர வேலை என்றால், நான் பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்புகிற நேரத்தில் அது மேலே ஏறும். அந்த விமானத்தில் நான் ஏறியது இத்தனை வருடத்தில் மூன்றே மூன்று தரம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வரும். பறக்கிற நேரம் முன்னே பின்னே பதினொரு மணித்தியாலம். இது கைபேசியில் தட்டினால் பச்சைப் பிள்ளையும் சொல்லும் விஷயம். அப்பா கையில் வைத்திருந்த கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

2

வந்த முதல் எட்டு வருடமும் என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது. கடிதம் வரும், திகதி போடுவார்கள், போவேன், மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று இன்னொரு திகதி தருவார்கள். ஒருமுறை வந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர், ஆனால் நான் "வள்ளம்" என்று சொன்னதைக் கப்பல் என்று சொல்லிவைத்துவிட்டார். கப்பல் சொந்தமாக வைத்திருந்தவன் ஏன் அகதியாக வந்தான் என்று அடுத்த வருடம் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா இறந்தது நான் வந்த முதல் வருடத்திலேயே. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் வழக்கும் போய்விடும், நானும் போய்விடுவேன். குளியலறைக்குள் நின்று அழுதுவிட்டு வேலைக்குப் போனேன்.

பிறகு கடவுச்சீட்டுக் கிடைத்தது. கிடைத்த கையோடு ஒரு தரம் ஊருக்குப் போனேன். இடையில் அனிட்டாவையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தரம். அதன்பின் வீடு, கடன், பிள்ளையின் பரீட்சை, லீவு இல்லை, டிக்கெட் விலை. ஒவ்வொன்றும் உண்மைதான். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அப்பாவிடம் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அதுக்கென்ன மகன், ஏலும் நேரம் வா" என்பார். என் காரணங்களைக் கேட்டு மனம் ஆறிவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போக முடியாவிட்டால் அவரையாவது இங்கே கூப்பிடுவோம் என்று நான்கு வருடத்துக்கு முன் விசாவுக்குப் போட்டோம். வங்கிப் புத்தகம், காணி உறுதி, கிராம சேவகரின் கடிதம், வள்ளத்தின் பதிவு, எல்லாம் கொடுத்தோம். மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போவார் என்று தங்களுக்கு நம்பிக்கை இல்லையாம். அக்கா பிலோமினா அதைத் தமிழில் சொன்னபோது அப்பா தொலைபேசியை வாங்கிச் சிரித்தார்.

"விசாக் கந்தோர்க்காரன் சொன்னது சரிதானே மகன். போறது லேசு. திரும்பி வாறதுதானே வில்லங்கம். அவனுக்கும் அது தெரிஞ்சிருக்கு."

நானும் சிரித்தேன். அப்பாவின் பகிடி என்று டிப்போவில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பு மூட்டினேன். அது பகிடி இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும்.

3

இந்த முறை போனது அக்காவின் மகளின் கலியாணத்துக்கு. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அனிட்டாவும் போனோம். அவளுக்குப் பதினைந்து வயது. ஊருக்கு வந்தது இது இரண்டாம் தரம்.

பிறந்த நாட்டுக்குப் போக நானே விசா எடுத்துக்கொண்டு போகிறவன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் "மன்னிக்கவும்" என்றேன். எத்தனை நாள் நிற்கப்போகிறீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். பத்து நாள் என்றேன். வெளியே வந்ததும் அனிட்டா, "ஏன் அப்பா அந்த ஆளுக்கு சொறி சொன்னீங்கள்? நாங்கள் என்ன செய்தது?" என்றாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

எங்களை ஏற்றிய வான் மதவாச்சி கடந்து, மடு கடந்து, பாலம் ஏறும்போது பின்னேரமாகிவிட்டது. காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றிக்கொண்டிருந்தன. போன தடவை வந்தபோது இவ்வளவு இருந்ததாக ஞாபகம் இல்லை. தெருவில் படுத்திருந்த கழுதைகள் எழும்பும்வரை வான் காத்து நின்றது. வீட்டு வாசலில் அக்கா அனிட்டாவைக் கட்டிக்கொண்டு, "பயணம் எப்பிடிக் குஞ்சு?" என்று கேட்டாள். "நான் நித்திரை எடுக்கேல்ல மாமி. முன்னால இருந்த ரிவியில மெப் பார்த்துக்கொண்டு வந்தது" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். விமானம் போகிற வழியைக் காட்டும் அந்த மெப்பை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம். பந்தலுக்குள் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு ஆம்பிளைகள் இருந்தார்கள். எல்லோரும் தொழிலுக்குப் போகிறவர்கள் அல்லது போய் ஓய்ந்தவர்கள். அம்மாவின் தம்பி லூர்து மாமாவுக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வராது.

"என்ன மருமோன், எங்களையெல்லாம் மறந்து போட்டீரோ? எத்தினை வருசம்! உம்மட கொப்பர் கண் ஒப்பரேசன் செய்து ஒற்றைக் கண்ணோட ஆசுப்பத்திரியில கிடக்கேக்கயும் எட்டிப் பார்க்கயில்லை."

நான் வாய் திறக்க முன் அப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

"லூர்து, நீயும் தொழிலுக்குப் போனவன். வெளிக்காத்து அடிக்கேக்க பாய் விரிச்சு ஓடிறதும், அதே காத்துக்கு எதிர்க்கக் கரைக்கு வாறதும் ஒண்டோ? இஞ்ச பகல் ஒரு மணிக்கு ஏறினால் அங்க இரவு ஏழு மணிக்கு இறக்கி விட்டிடுவான். ஆறு மணித்தியாலம். அங்க இரவு ஒன்பதுக்கு ஏறினால் அடுத்த நாள் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் இஞ்ச. பதினாறு! பதினாறு மணித்தியாலம் எதிர்க்காத்தைக் கிழிச்சுக்கொண்டு வரவேணும். நினைச்ச நேரம் ஓடி வர இது பேசாலை பஸ்ஸோ?"

வட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். "ஓம், பிளேனும் காத்துக்குள்ளாலதானே ஓடுது" என்றார் ஒருவர். "எதிர்க்காத்தெண்டால் எண்ணெயும் கூட முடியும்" என்றார் இன்னொருவர். லூர்து மாமாவும் அடங்கிவிட்டார். காற்றென்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் பிழை விட்டேன்.

"ஐயோ அப்பா, உது அப்பிடி இல்லை" என்றேன். கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றினேன். நான் ஊருக்குப் போனாலும் லண்டன் நேரத்தை மாற்றுவதில்லை. லூர்து மாமாவின் மணிக்கூட்டையும் வாங்கி இரண்டையும் தேத்தண்ணித் தட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "பாருங்கோ. இஞ்ச அஞ்சரை, அங்க இப்பதான் பன்னிரண்டு. அங்கத்தை மணிக்கூடு பிந்தி ஓடுது. அதாலதான் போகேக்க குறையிற மாதிரியும் வரேக்க கூடுற மாதிரியும் தெரியுது. தூரம் ஒண்டுதான். போனாலும் பதினொண்டு, வந்தாலும் பதினொண்டு. காத்துமில்லை, கீத்துமில்லை."

எவ்வளவு வடிவாக விளக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. யாராவது "அட, அப்பிடியோ!" என்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. லூர்து மாமா தட்டத்தில் இருந்த இரண்டு மணிக்கூட்டையும் குனிந்து பார்த்தார்.

"அப்ப வாறதும் பதினொண்டுதானோ மருமோன்?"

"ஓம் மாமா."

"காத்தில்லை?"

"இல்லை மாமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்து முடிஞ்சுதோ?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு எழும்பிக் குசினிப் பக்கம் போனார். எல்லோருடைய கையிலும் தேத்தண்ணி இருந்தது.

4

அக்கா என்னைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடா செய்துபோட்டு நிக்கிறாய்?"

"நான் என்ன செய்தனான்? உள்ளதைத்தானே சொன்னன்."

"ஆர் உன்னட்டக் கேட்டது?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை கிடைத்தது. அம்மாவின் சவப்பெட்டி வீட்டுக்குள் இருந்தபோது சனமெல்லாம் ஒன்றையே கேட்டதாம்: மகன் வருவானோ, பெட்டியை மூடாமல் வைத்திருப்பதோ? எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை இரண்டு நாள், மூன்று நாள் என்று வைத்திருப்பார்கள். அப்பாவால் உள்ளதைச் சொல்ல முடியவில்லை. மகன் அகதி வழக்குப் போட்டிருக்கிறான், வந்தால் திரும்பிப் போக முடியாது என்று நான்கு பேர் முன்னால் வாய் விடக்கூடிய காலமா அது? முற்றத்தில் யார் யார் நின்றார்கள், யார் போய் யாரிடம் சொல்வார்கள் என்றே தெரியாது. அவர் பேசாமல் இருந்திருக்கிறார். சனம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது.

அதற்கு முதல் மாதம்தான் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் லண்டன் பார்த்துவிட்டு வந்து, எத்தனை மணிக்கு ஏறினான், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தான். அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். போக ஆறு, வரப் பதினாறு. ஏனென்று யோசிக்க அவருக்கு நேரமே தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்கக் காற்றோடு போய்க் காற்றுக்கு எதிராக வந்தவருக்கு வேறு என்ன காரணம் தோன்றும்?

"எழும்பி நிண்டு சுவாமியிட்டச் சொன்னார். 'ஃபாதர், அவனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். வாற வழி முழுக்க எதிர்க்காத்து. பெட்டியை மூடுவம்' எண்டு. ஊரே அடங்கிச்சு. உன்னை ஒருத்தர் குறை சொல்லயில்லையடா."

அதோடு நிற்கவில்லை. எனக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகும், மாதா திருநாளுக்கு மகன் வரவில்லையோ என்று கேட்டவர்களுக்கும், அக்காவின் பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசைக்கு வந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவருக்கும் அப்பா அதே கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். ஆறு, பதினாறு. கேட்டவர்கள் எல்லோரும் கடல்காரர். எல்லோரும் நம்பினார்கள்.

"அப்பாவும் நம்பினவரோ, அல்லது எனக்காகச் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"நம்பாமல் அந்த மனிசன் ஒரு வார்த்தை சொல்லுமோ? முழுசா நம்பினவர். உன்ரை லீவுக் கதையும் டிக்கெட் கதையும் ஒண்டையும் அவர் காதில போட்டதே இல்லை. 'பாவம், அவனுக்கு வாற வழி கஷ்டம்' எண்டு மட்டுந்தான் சொல்லுவார். உன்னில ஒரு சொல் விழ விடயில்லை."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். இத்தனை வருடம் என்னுடைய பொறுப்புகளைக் கேட்டு மன்னித்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்தவர், என்னை மன்னிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய கணக்கில் நான் பிழை செய்யவே இல்லை. அந்தக் கணக்கைத்தான் இரண்டு மணிக்கூட்டை வைத்து, ஊர் பார்க்க, சிரித்துச் சிரித்து உடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

கலியாணம் நன்றாக நடந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கோயில் முன்வாங்கில் இருந்து பூசை கண்டார். என்னோடு அவர் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா, படுத்தாயா என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"முந்தநாள் நீ சொன்னது வடிவா விளங்கயில்லை மகன். தூரம் ஒண்டுதானோ?"

"ஓம் அப்பா."

"அப்ப, போன மாதிரியே வரலாம்?"

அம்மாவின் செத்தவீட்டுக்கு என்னால் வந்திருக்க முடியாது, அது வழக்கு என்று சொல்லலாம். வழக்கு முடிந்த பிறகு வந்த பதின்மூன்று வருடத்துக்கு என்ன சொல்வது? பதிலுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அனிட்டா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தாள். பந்தலில் நடந்ததை அவளும் கேட்டிருக்கிறாள் போல. அப்பப்பாவின் பக்கம் பேச ஆசைப்பட்டு வந்திருந்தாள்.

"அப்பப்பா, அப்பா சொன்னது பிழை. நீங்கள்தான் சரி. மேல காத்து இருக்கு. பெரிய்ய காத்து. நான் பிளேனில மெப்பில பார்த்தது. காத்து எவ்வளவு ஸ்பீட் எண்டு போடும்."

அப்பாவின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் கண்டேன். இரண்டு நாளில் முதல் தரம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்தார்.

"காத்து இருக்கோ குஞ்சு? நான் சொன்னன்தானே! எந்தப் பக்கமாக அடிக்குது?"

அனிட்டா செருப்புப் பிடித்த கையால் காட்டினாள். தூரத்தில் இருந்து எங்களை நோக்கி, கடலில் இருந்து கரைக்கு வருகிற மாதிரி.

"லண்டன் பக்கத்தில இருந்து இஞ்சால. பின்னால இருந்து புஷ் பண்ணும். அதால வாறது கெதி. போறதுதான் கூட நேரம். போகேக்க எதிர்க்க அடிக்கும்."

அவளுக்குத் தான் என்ன சொன்னாள் என்று தெரியாது. அப்பப்பாவுக்குக் காற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் நின்றாள். இதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். டிக்கெட்டிலேயே நேரத்தைக் கூட்டிக் கழித்தால் தெரியும், ஊருக்கு வருகிற பயணம்தான் குறுகியது. பந்தலில் இரண்டும் சமனென்று சொன்னதற்குக் காரணம், அந்த வித்தியாசம் எனக்கு ஒருநாளும் பெரிதாகப் படவில்லை.

அப்பா அவளுடைய கை காட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் காத்து இஞ்சாலதான் அடிச்சிருக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அவர் என் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். முழங்காலில் கையை ஊன்றி எழும்பி, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அனிட்டா என்னைப் பார்த்து, "நான் பிழையாச் சொன்னதோ அப்பா?" என்று கேட்டாள். இல்லை, சரியாகத்தான் சொன்னாய் என்றேன்.

6

புறப்படுகிற நாள் அப்பா செய்கிற வேலை ஒன்றுண்டு. வான் வருகிறவரை வாசலில் நிற்பார். பெட்டிகளை ஏற்றினதும் கதவருகே வந்து, "போறது கெதியா முடிஞ்சிடும், பயப்பிடாத. வாறதைப் பற்றி யோசியாத, ஏலும் நேரம் வா" என்பார். முன்னைய இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். அன்பு மிகுதியில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய் ஏறியவன் நான். எவ்வளவு பெரிய அனுமதியைக் கையில் வைத்து அனுப்பினார் என்பது அப்போது விளங்கவில்லை.

இந்த முறையும் வாசலில் நின்றார். அக்கா கருவாட்டுப் பொதியை இரண்டு மூன்று தாளில் சுற்றி, மணக்காது என்று சத்தியம் பண்ணிப் பெட்டிக்குள் திணித்தாள். பந்தல்காரர்கள் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்து மாமாவும் வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. வழியனுப்ப வந்த இடத்தில் எதையாவது பேசவேண்டுமே என்று, எப்போதும் கேட்கிறதைக் கேட்டார். அதுவும் என்னிடம் இல்லை, வழக்கம்போல அப்பாவிடம்தான்.

"அத்தான், மருமோன் இனி எப்ப வருவான்?"

அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். எதையாவது சொல்லமாட்டாரா என்றுதான் பார்த்தேன். பெற்றோல் விலை, வேலை, பிள்ளையின் படிப்பு, ஏதாவது ஒன்று. அவர் வாயிலிருந்து வந்தால் ஊர் கேட்கும்.

"அவனைக் கேள் லூர்து" என்றார் அப்பா.

இருபத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வி முதன்முதலாக என்னிடம் வந்து நின்றது. கயிறு அவிழ்த்தவர்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா பார்த்தாள். அனிட்டாவும் வானுக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"லீவு பார்த்துச் சொல்லுறன் மாமா" என்றேன்.

லூர்து மாமா தலையாட்டினார். அப்பா கதவருகே வந்தார். நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். போறது கெதியா முடிஞ்சிடும் என்றாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, வான் கதவை இழுத்துச் சாத்தினார்.